இழைத்துவிட்ட முத்திரை

நான் செய்து விற்ற சமையலறை மேஜைகளில் சிலவற்றின் மேல்பலகை, மேஜையாவதற்கு முன்னால் எதைச் சுமந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை. யாரும் என்னைப் பிடிக்கவில்லை, புகாரும் வரவில்லை. ஆனாலும் செய்தது செய்ததுதான்.

திருவொற்றியூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. கட்டில், ஸ்டூல், சாமி அலமாரி என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தேன். சமையலறை மேஜை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியது பிறகுதான். நம் சமையல் தரையில் நடந்த சமையல். அரிவாள்மனை, முறம், அம்மி எல்லாமே உட்கார்ந்து செய்யும் வேலைக்கானவை. முட்டி வலி வந்து டாக்டர் தரையில் உட்காராதே என்று சொன்னதும் நின்றுகொண்டு நறுக்க ஓர் இடம் தேவைப்படுகிறது. ராயபுரத்துச் சந்து வீடுகளிலும் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலும் இருக்கும் கடப்பா மேடையில் பாதியை கேஸ் அடுப்பு பிடித்துக்கொள்ளும், மீதியைத் தண்ணீர்க் குடம். ஆகவே இரண்டடிக்கு மூன்றடியில் ஒரு மேஜை, கீழே மிக்ஸி வைக்க ஒரு தட்டு. உயரத்துக்குக் கணக்கு உண்டு. நிற்பவரின் முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே வந்தால் தோள் வலிக்காது. வீட்டுக்கே போய் அளந்துதான் கால் அறுப்பேன். அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

குறை மரத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் மரத்துக்குப் பஞ்சமே இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். கப்பலில் வரும் மெஷின், டிரம், மூட்டை எல்லாம் பெரும்பாலும் மரப் பேலட்டின் மேல் உட்கார்ந்துதான் வருகின்றன. சரக்கு இறங்கிவிட்டால் பேலட்டுக்கு நாதி கிடையாது. பழைய மரம் எடுப்பவர்கள் யார்டுகளிலிருந்து அள்ளி வந்து, ஆணி பிடுங்கி, அடுக்கி விற்பார்கள். பெரும்பாலும் பைன். அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் ஓக்கோ பீச்சோ சிக்கும். தேக்கு விலை கேட்டவனுக்கு இது இனாம் மாதிரி.

அந்தப் பலகைகளில் ஒரு முத்திரை இருக்கும். ஒரு பக்கம் கோதுமைக் கதிர், அடுத்து நாட்டின் இரண்டெழுத்துக் குறி, அதோடு ஓர் எண், கடைசியில் எச்.டி. அல்லது எம்.பி. என்று இரண்டெழுத்து. சிலதில் மையால் அச்சடித்திருப்பார்கள், சிலதில் சூட்டுக்கோலால் சுட்டிருப்பார்கள். பேக்கிங் மரத்தோடு பூச்சியும் ஊர் ஊராகப் போய்விடுகிறது என்பதால் வந்த ஏற்பாடு இது. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், சீனாவிலிருந்து பேக்கிங் மரத்தில் ஏறி வந்த நீளக்கொம்பு வண்டு நிழல் மரங்களைக் குடைந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு 2002இல் விதியே போட்டுவிட்டது: எல்லை தாண்டும் பேக்கிங் மரத்தைப் பக்குவப்படுத்தி முத்திரை குத்த வேண்டும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏற்றி 30 நிமிடம் வைத்திருந்தது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயுவில் மூடி வைத்தது. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் அந்த வாயுவை வளரும் நாடுகளும் 2015க்குள் கைவிட வேண்டும் என்று ஒப்பந்தம். சரக்குப் பூச்சி ஒழிப்புக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். எனக்கு மரம் கொடுத்தவரே சொல்லித் தந்தது. "எம்.பி. போட்டத அடுப்புல போடாதீங்க, சமையக்கட்டுக்கு எடுக்காதீங்க" என்றார். நான் எச்.டி. பார்த்துத்தான் பொறுக்குவேன். அவசர ஆர்டர் வந்து அடுக்கில் எச்.டி. தீர்ந்துபோனால் எம்.பி. பலகையையும் எடுப்பேன். மெஷின் இழைப்புளியில் இரண்டு தள்ளு தள்ளினால் முத்திரை போய்விடும். சுட்ட முத்திரையானால் ஆழமாக இருக்கும், அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பிப் போடுவேன்.

எனக்கு நானே சமாதானமும் வைத்திருந்தேன். அது வாயுதானே, என்றைக்கோ பறந்திருக்கும். அதில் பாதி நியாயம் இருக்கிறது. பழைய பேலட்டில் அதைவிடப் பயப்பட வேண்டியது வேறு: அதன் மேல் எந்த டிரம் நின்றது, எது ஒழுகியது. எச்.டி. முத்திரையும் அதற்கு உத்தரவாதம் இல்லை. முத்திரை பூச்சியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஒரு பலகையைச் சொல்ல வேண்டும். நல்ல அகலம், கணு குறைவு, ஒரு முனையில் உள்ளங்கை அளவுக்குக் கருநிறக் கறை. இழைத்தபோது ஒரு வாடை வந்தது. மண்ணெண்ணெய் மாதிரி இருந்தது, ஆனால் தித்திப்பாக, தொண்டையில் நிற்கிற வாடை. சுருள் சுருளாக விழுந்த சீவலை முகர்ந்து பார்த்தேன், அதிலும் இருந்தது. இன்னும் கொஞ்சம் இழைத்தேன். கறை வெளிறியது, வாடை குறைந்தது. யார்டுக்கு ஒரு போன் போட்டால் எந்தச் சரக்கோடு வந்த லாட் என்று சொல்லியிருப்பார்கள். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அரக்கு பாலிஷ் டப்பாவைத் திறந்தேன்.

அந்த மேஜை தெரிந்த அக்கா ஒருவர் வீட்டுக்குப் போனது. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை அவருக்கு. மரக்கட்டையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கக்கூடியவர். பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா மரம்பா, மெத்துனு கீது?" என்றார்.

"இம்போர்ட்டட் பைன், அக்கா."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்ததுதான், பைன்தான். இத்தனை சுத்தமாகப் பொய் சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போதாததற்கு, அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1990களில் டீன் கிளைவர் என்பவர் செய்த ஆராய்ச்சியை வேறு எடுத்துவிட்டேன். மரப்பலகையில் விட்ட கிருமிகள் உள்ளே உறிஞ்சப்பட்டு மடிகின்றன, கத்தித் தடம் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையில்தான் அவை தங்குகின்றன என்று அவர் கண்டார். உண்மையான ஆராய்ச்சி. ஆனால் அவர் சோதித்தது சமையலுக்கென்றே செய்த பலகைகளை, டிரம் ஒழுகிய பேலட்டை அல்ல. அக்கா அதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏதோ சொல்ற, சரி" என்று பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. அது ஓய்வதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். போராட்டப் பந்தலில் நானும் போய் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கு. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை 2011இல் நீதிமன்றம் நிறுத்தும்வரை ராயபுரத்தில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாமல் இருந்தது. எதை விடுகிறீர்கள், எவ்வளவு விடுகிறீர்கள், எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக் கேட்டே இங்கே ஒரு தலைமுறை நரைத்துவிட்டது. நானும் உரக்கக் கேட்டேன். வீட்டுக்கு வந்தபின், பட்டறையில் அடுக்கியிருந்த எம்.பி. பலகையில் இன்னொரு மேஜையை முடித்துக் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. ஆர்டருக்கு முன்பணம் வாங்கியிருந்தேன்.

மனம் திருந்தி நிறுத்தினேன் என்றும் சொல்லமாட்டேன். அக்காவே மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பைன் மெத்து மரம், கத்தித் தடத்தில் ஈரம் இறங்கிக் கறுத்துவிட்டது, மேலாக இழைத்துக் கொடு என்றார். இழைப்புளி ஓடியதும் அந்தத் தித்திப்பு வாடை திரும்ப வந்தது. பாலிஷுக்குக் கீழே அத்தனை நாளும் இருந்திருக்கிறது. அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா நாத்தம் இது?"

சொன்னேன். முத்திரையையும் கறையையும் போடாத போனையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பேரப்புள்ளைக்கு இதுமேலதானேடா ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காலு நல்லாக் கீது. மேல் பலகைய மட்டும் மாத்து. பத்துப் பைசா தரமாட்டேன். புளியங்கட்டை போடு" என்றார்.

காசிமேட்டில் மீன் வெட்டுபவர்களும் கறிக்கடைக்காரர்களும் ஏன் புளியை விடுவதில்லை என்று அந்த வேலையில்தான் எனக்குப் புரிந்தது. நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், வெட்டு வாங்கினாலும் சிலாம்பு எழும்பாது. அடிமரத்தைக் குறுக்கே வட்டமாக அறுத்துப் போட்டால் நார் செங்குத்தாக நிற்கும், கத்தி நாருக்கு இடையில் இறங்கி எழும். ஆனால் வைரம் பாய்ந்த கட்டையாக இருக்க வேண்டும், வெள்ளைப் பகுதியை வண்டு தின்றுவிடும். செங்குன்றம் பக்கம் ஒரு மில்லில் கட்டை கிடைத்தது. நான் அவசரப்பட்டு ஈரம் ஆறுமுன் அறுத்ததில் முதல் கட்டை நடுவில் வெடித்தது. இரண்டாவதை முனைகளில் மெழுகு பூசி நிழலில் போட்டுவைத்தேன். ஆறுகிறவரை அக்கா கடப்பா மேடையிலேயே சமாளித்தார். பாலிஷ் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். கழுவி, கல்லுப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் சாய்த்து வைப்பது அவர் பழக்கம்.

மற்ற வீடுகளுக்கு நான் இன்னும் போகவில்லை. போன் நம்பர்கள் இருக்கின்றன. ஒருவருக்கு அழைத்து, அவர் எடுத்ததும் கதவு ஆர்டர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தேன். எழுதுவது அதைவிட எளிது, ஆகவே எழுதுகிறேன். தேரடிக்கும் விம்கோ நகருக்கும் இடைப்பட்ட தெருக்களில், மிக்ஸி தட்டு வைத்த வெளிர்மஞ்சள் மேஜை வாங்கியவர்கள் மேல்பலகையில் முத்திரையைத் தேட வேண்டாம், இழைத்துவிட்டேன். கீழ்த்தட்டை அடிப்பக்கமிருந்து பாருங்கள், அதே மரம்தான், அங்கே சிலதில் விட்டுவைத்திருக்கிறேன். எம்.பி. என்று இருந்தாலும், எழுத்தே இல்லாமல் கறை மட்டும் இருந்தாலும், பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். வேப்பம்பலகையோ புளியோ, கேட்டதைப் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். புளி என்றால் மரம் ஆறுகிறவரை காத்திருக்க வேண்டும்.