நாள் கணக்கு

தொழிலாளர் சட்டங்களில் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும் எண் 480. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. மனிதவளத் துறையில் என்னுடன் வேலை பார்ப்பவர்கள் இந்த எண்ணைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். எனக்கு அது அப்பாவின் சட்டைப்பையிலிருந்து வந்தது.

அப்பா கோவை சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் பதிலித் தொழிலாளியாக இருந்தார். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராத நாளில் அவரிடத்தில் நிற்பவர். ஒவ்வொரு ஷிப்டுக்கும் சங்கு ஊதுவதற்கு முன்பே ஆலை வாசலுக்குப் போய்விட வேண்டும். உள்ளிருந்து மேஸ்திரி வந்து பெயர் சொன்னால் வேலை. சொல்லாவிட்டால் அடுத்த ஷிப்டுக்குக் காத்திருக்கலாம், அல்லது சாப்பாட்டுத் தூக்கைப் பிரிக்காமலே வீடு திரும்பலாம். சட்டம் வந்த செய்தியைச் சங்கத்துக்காரர்கள் சொன்ன நாளிலிருந்து அப்பா ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொண்டார். வேலை கிடைத்த தேதிக்கு எதிரே ஒரு கோடு. மாதக் கடைசியில் கூட்டல். பள்ளிக்கூடத்தில் நான் கற்ற கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டது அந்த நோட்டில்தான்.

1983இல் கணக்கு 460ஐத் தாண்டியபோது மேஸ்திரி அவர் பெயரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். இரண்டரை மாதம் ஒருநாள்கூட வேலை இல்லை. 24 மாதம் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் சட்டகம். புதிய நாள் சேராவிட்டால் பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துபோகும். பிறகு அழைத்தார்கள், மறுபடியும் நிறுத்தினார்கள். அப்பாவைப் போன்ற பதினோரு பேர் சங்கத்தின் மூலம் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு கொடுத்தார்கள். ஆலையின் வருகைப் பதிவேட்டுக்கும் அப்பாவின் நோட்டுக்கும் இடையில் எட்டு நாள் வித்தியாசம் வந்தது. கூலிச் சீட்டுகளை வைத்து ஒப்பிட்டபோது நோட்டுதான் சரியாக இருந்தது. 1986இல் அவர் நிரந்தரமானார்.

அந்த நிரந்தரமும் நிரந்தரமாக இல்லை. தொண்ணூறுகளில் கோவை ஆலைகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்தன. விருப்ப ஓய்வு என்ற பெயரில் யாரும் விரும்பாத ஓய்வு வந்தது. அப்பாவின் தலைமுறை நின்ற இடத்தில், தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து ஆலை விடுதியில் தங்கிய இளம்பெண்கள் நின்றார்கள். கேம்ப் கூலி என்றும் சுமங்கலித் திட்டம் என்றும் அதற்குப் பெயர். மூன்றாண்டு வேலை, முடிவில் திருமணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. மூன்றாண்டு என்பது 480 நாளைவிட மிக அதிகம். ஆனால் அவர்கள் பயிற்சி பெறுபவர்கள் என்று எழுதப்பட்டார்கள். ஒருவரை எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதில் அவருடைய உரிமை அடங்கியிருக்கிறது என்பதை நான் முதலில் உணர்ந்தது அப்போதுதான்.

சொற்கள் என் துறையிலும் மாறின. 500 தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் நல அதிகாரி இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அந்த வேலையை மனத்தில் வைத்துத்தான் சமூகப்பணியில் முதுகலை படித்தேன். படித்து முடித்தபோது ஆலைகளில் இடம் இல்லை. சென்னை மென்பொருள் நிறுவனங்களில் இருந்தது. அங்கே தொழிலாளி என்ற சொல் கிடையாது, நலம் என்பதும் கிடையாது. மனிதவளம் என்றார்கள். நீர்வளம், கனிமவளம் போல மனிதவளம். வளத்தை எடுக்கலாம், பயன்படுத்தலாம், தீர்ந்தால் வேறிடம் தேடலாம். வளம் மனு எழுதாது.

பழைய உலகம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. மேஸ்திரிக்குப் பணம் கொடுக்காமல் பதிலி அட்டைகூடக் கிடைக்காத காலம் அது. அவர் சாதியும் ஊரும் பார்த்தே பெயர் சொன்னார். இன்னொரு பக்கம், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற எத்தனையோ பெண்கள் மென்பொருள் நிறுவனச் சம்பளத்தில் வீடு கட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பாவின் ஆண்டுக் கூலியை அவர்கள் முதல் மாதத்தில் வாங்கினார்கள்.

ஆனால் நாள் கணக்கு இங்கேயும் உண்டு, தலைகீழாக. திட்டப்பணி எதிலும் சேர்க்கப்படாமல் காத்திருப்பதை பெஞ்ச் என்பார்கள். ஆலை வாசலில் நிற்பதற்குக் குளிரூட்டிய அறையில் கிடைத்த பெயர் அது. 2025 ஜூனில் டி.சி.எஸ். நிறுவனம், ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 225 நாட்களாவது வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டக்கூடிய வேலையில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. அடுத்த மாதமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்பா நிலைப்பதற்காக எண்ணினார். இவர்கள் விலக்கப்படாமல் இருப்பதற்காக எண்ணுகிறார்கள்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், ராஜினாமாக் கடிதம் எழுதச் சொல்லப்பட்ட ஒரு பெண் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "என் கணக்கில் எத்தனை பெஞ்ச் நாள் காட்டுகிறது சார்?" அவருக்கு அது தெரியவில்லை. கணினியில் இருந்த அந்தப் பக்கத்தை மேலாளர்கள் மட்டுமே பார்க்க முடியும். ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏஞ்சாமி, அப்ப அந்தப் புள்ளைக்கு நாளெண்றது யாரு?"

கேள்வி இன்று இன்னும் விரிந்துவிட்டது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்தகால வேலையை முறைப்படி ஏற்கின்றன. அதில் ஓராண்டுக்குப் பணிக்கொடை உண்டு. காலம் முடிந்தால் வேலையும் முடியும். ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆகியிருக்கிறது. வீட்டுக்கு உணவு கொண்டுவரும் இளைஞருக்கு நாள் கணக்குகூட இல்லை. அவருக்கு உள்ளவை நட்சத்திரங்கள். தமிழ்நாடு அரசு 2023இல் அவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தது. நலம் என்ற சொல் அந்த வழியாக மீண்டும் உள்ளே வந்திருப்பதில் எனக்கு ஒரு சிறிய மகிழ்ச்சி.

சட்டங்கள் மாறும், பெயர்கள் மாறும். உழைத்த நாளை உழைத்தவனே எண்ணிவைத்திருந்தான் என்பது, என் அனுபவத்தில், எந்தக் காலத்திலும் வீண்போகவில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் எடுக்கும் அறிமுக வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் இல்லாதது. பணி ஆணை, சம்பளச் சீட்டு, எந்தத் தேதியில் எந்த வேலையில் இருந்தீர்கள் என்ற குறிப்பு, இவற்றை நிறுவனத்தின் கணினிக்கு வெளியே, உங்கள் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் சிரிக்கிறார்கள். எப்போதும் இரண்டு மூன்று பேர் பேனாவை எடுக்கிறார்கள்.