கன்னியா வெந்நீரும் உம்மாவின் பாதமும்

சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு திருகோணமலை போயிருந்தோம். நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது கன்னியா. அங்கே சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள். கயிறு வேண்டியதில்லை, குனிந்து வாளியால் அள்ளலாம். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கிய ஊற்றுகள் இவை என்பது இந்து மக்களின் ஐதீகம். நம் நாட்டில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் வெப்பத்தால் சூடேறி மேலே வருகிறது. ஏழு கிணற்றுக்கும் ஒரே சூடு இல்லை.

முதல் வாளி உடம்பைச் சுட்டது. நாலைந்து வாளிக்குப் பின் இதமாகிவிட்டது. உடம்பின் மேற்பரப்பு சாதாரணமாக 33 பாகை அளவில் இருக்கும். அதைவிடச் சூடான நீர் பட்டதும் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் குறைவாகத் தோலில் ஓடும் இரத்தம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லீற்றர் வரை கூடும். அதனால்தான் முகம் சிவக்கிறது. சட்டென எழுந்தால் தலை சுற்றுகிறது.

"வீட்டிலே சுடுதண்ணியில் உப்பும் இலையும் போட்டால் இந்தச் சுகம் கிடைக்காதா?" என்று மனைவி கேட்டார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வேப்பிலை, பாவட்டை இலை அவித்து வார்ப்பது நம்மவர் வழக்கம். அதில் பெரும் பங்கு வெந்நீரின் சூட்டுக்கே உரியது. வாசம் மனதுக்கு ஆறுதல். உப்புநீரில் குளித்தால் தோலில் மெல்லிய உப்புப் படலம் தங்கி, சூடு சற்று நேரம் நிற்கும். கரியமில வாயு கலந்த நீரோ, அதே சூட்டிலும் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டும். ஜேர்மனியிலும் ஜப்பானிலும் இத்தகைய குளிப்புகள் உண்டு.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில், காலில் நீர் வார்த்துக்கொண்டிருந்த உம்மா சொன்னார்:

"இதுல சூடே இல்லையே மகன், மத்தக் கிணத்துல அள்ளித் தாங்க."

என் கை அதே நீரில் சுட்டது. எனக்குத் திக்கென்றது. உம்மாவுக்குச் சீனி வருத்தம் பல வருடங்களாக உண்டு. முந்திய வருடம் கால் உளைவுக்கென்று உப்புப் போட்ட சுடுநீரில் பாதத்தை வைத்து, கொப்புளம் எழுந்ததைக்கூட அறியாமல் இருந்தார். புண் ஆற இரண்டு மாதம் சென்றது. அன்று உப்பைக் குறை சொன்னோம். குற்றம் உப்பில் இல்லை. சீனி வருத்தம் பாதத்தின் நரம்புகளைக் கெடுத்து, சூட்டை உணரவிடாமல் செய்துவிடுகிறது. 60 பாகை நீர் சில வினாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

ஆகவே சகோதரிகளே, சீனி வருத்தமுள்ள பெரியவர்களின் பாதத்தைச் சுடுநீரில் ஊறவைக்காதீர்கள். அவர்கள் குளிக்கும் நீரை முதலில் உங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகளும் இருதய நோயாளரும் அதிக சூட்டைத் தவிர்க்கட்டும். பிள்ளை பெற்றவரை வெந்நீரில் தனியே விடாதீர்கள்.

அன்று உம்மாவுக்குச் சூடு குறைந்த கிணற்றில் நானே அள்ளி வார்த்தேன். "இப்பவும் சூடில்லை" என்றார். "எனக்குச் சுடுது உம்மா, அது போதும்" என்றேன்.