அம்பு நுனியும் ஆகுமான உணவும்

மார்க்கச் சட்ட நூல்களை ஓதத் தொடங்கும் இளம் மாணவர்கள், வேட்டைப் பாடத்தை அடைந்ததும் சற்றே வியப்புறுவர். தொழுகை, நோன்பு, ஜகாத் என்று ஓதிவந்தவர்களுக்கு வில்லும் அம்பும் வேட்டை நாயும் எதற்கு என்று தோன்றும். இக்காலத்தில் எவர் அம்பெய்யப் போகிறார் என்று விழுப்புரத்தில் எம்மிடம் ஓதிய பிள்ளைகளும் வினவியதுண்டு. அப்பாடத்தை விரைந்து கடந்துவிடும் ஆசிரியர்களும் உளர். ஆயினும், அம்பு நுனியைப் பற்றி நம் இமாம்கள் எழுதிவைத்த சில வரிகளுக்குள் உணவையும் உயிரையும் பற்றிய ஓர் அறம் அடங்கியிருக்கிறது என்பது நமது துணிபு.

அண்மையில், திண்டிவனத்தைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஒரு கேள்வி எழுதியிருந்தார். அந்நாட்டில் காட்டு வான்கோழியை வில்லால் வேட்டையாட, உரிமம் பெற்றோர்க்குக் குறித்த பருவத்தில் அனுமதி உண்டு. உடன் பணிபுரிவோர் அவரையும் அழைக்கின்றனர். கடையிலோ அம்பு நுனிகள் பல வகை. “எந்த நுனியை வாங்கினால் இறைச்சி ஆகுமாகும், ஹஜ்ரத்?” என்பது அவர் கேள்வி.

வான்கோழி நம் பண்டை இமாம்கள் கண்டறியாத பறவை. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். துருக்கியர் அதனை ‘ஹிந்தி’ என்கின்றனர். அரபிகள் பலர் ‘தீக் ரூமி’, அதாவது ரோம நாட்டுச் சேவல் என்கின்றனர். ஆங்கிலேயரோ துருக்கியின் பெயரையே சூட்டிவிட்டனர். ஒவ்வொருவரும் அதனை அயலான் வீட்டுப் பறவையாகவே எண்ணினர் போலும்! 1612-இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த வான்கோழியைக் கண்டு வியந்த ஜஹாங்கீர், அதனை ஓவியமாகத் தீட்டச் செய்தார். தானியமும் பூச்சியும் உண்டு வாழும் கோழியினம் அது. கூருகிரால் இரையைப் பற்றிக் கிழிக்கும் பறவை அன்று. எனவே அது ஆகுமானதே. அது எவ்வாறு உயிர் துறக்கிறது என்பதே கேள்வி.

கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் மைந்தர் அதீ (ரலி) அவர்கள் வேட்டையில் தேர்ந்தவர். ‘மிஃராள்’ என்னும் கனத்த கோலைப் பற்றி அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார். அதன் கூர்முனை தைத்துக் கொன்றதை உண்ணலாம் என்றும், பக்கவாட்டில் மோதிக் கொன்றதை உண்ணலாகாது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அடிபட்டுச் செத்ததைத் திருமறையும் விலக்கியிருக்கிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 3-ஆம் வசனத்தில் அதனைக் காணலாம். கோலும் ஒன்று, கையும் ஒன்று, பறவையும் ஒன்று. கூர் தைத்தால் உணவு, மொத்தினால் பிணம்.

1277-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் இதனை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். களிமண் உருண்டையாலோ, நுனியும் கூரும் இல்லாத அம்பாலோ கொன்றது கூடாது. நுனி காயப்படுத்தியிருந்தும், அம்பின் உடற்பகுதி மோதியதும் சேர்ந்தே உயிர் போயிற்று என்றால் அதுவும் கூடாது. வானில் அம்பு தைத்துத் தரையில் வீழ்ந்து இறந்த பறவையோ ஆகும். ஏனெனில் பறவை வீழ்வது தவிர்க்கவியலாதது. தண்ணீரில் வீழ்ந்து கிடந்தால் உண்ணலாகாது என்பது நபிமொழி. கொன்றது அம்பா, நீரா என்று அறிய வழியில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் மாணவரின் கடைச் சரக்கைப் பார்ப்போம். இரப்பரும் இரும்பும் கொண்ட மொண்ணை முனைகள் அங்கே சிறு பிராணிகளுக்கென விற்கப்படுகின்றன. அவை மொத்திக் கொல்பவை. முதலிலேயே விலக்க வேண்டியவை. அலகற்ற ஊசி முனை இலக்குப் பலகையில் பழகுவதற்கு உரியது. அது தைக்கும் என்பதால் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் சிறு துளையிட்டு அப்பால் போய்விடும்; காயத்தோடு பறவை புதரில் ஒளிந்து நாட்கணக்கில் துடித்துச் சாகும்.

எஞ்சியவை சவரக்கத்தி போன்ற அலகுகள் பொருத்தியவை. பெரும்பாலும் 100 கிரெயின், அதாவது சுமார் ஆறரை கிராம் எடையுள்ளவை. இவற்றில் அலகு அசையாது நிற்பது ஒரு வகை. தைக்கும் கணத்தில் சிறகு போல் விரிவது மற்றொரு வகை. வான்கோழியின் உருவம் பெரிதாகத் தோன்றினும் பெரும்பகுதி இறகே. உயிர்நிலை ஒரு கைப்பிடி அளவுதான். ஆதலால் அகன்ற வெட்டுடைய விரியும் அலகைப் பலர் விரும்புவர். ஆனால் அது விரிவதற்கே அம்பின் விசையில் ஒரு பங்கு செலவாகும். இழுவிசை குறைந்த வில்லுக்கு அசையா அலகே ஏற்றது. இரண்டும் வெட்டுபவையே; இரண்டும் ஆகும். தம் வில்லுக்கும் கைக்கும் எது விரைந்து உயிர் போக்குமோ அதனைத் தேர்க என்றே எழுதினோம்.

இன்னும் மூன்று சொன்னோம். எய்யும்போது பிஸ்மில்லாஹ் மொழிக. ஷாபிஈ மத்ஹபில் அது சுன்னத், ஹனபி மத்ஹபிலோ வேண்டுமென்றே விட்டால் உணவே ஆகாது. பறவை உயிரோடு அகப்பட்டால் அறுத்தாக வேண்டும். கூரிய கத்தி இடுப்பில் இருக்கட்டும். உண்ணும் எண்ணமில்லாது விளையாட்டுக்காக எய்வதாயின், வில்லைத் தொடவே வேண்டா.

நம்மூரார்க்கு இதில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நிரம்ப இருக்கிறது. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் பக்கத்துக் கழுவெளிக்கு ஆண்டுதோறும் தொலைநாட்டுப் பறவைகள் வந்து தங்குகின்றன. 2021-இல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளைக் கொல்வது குற்றம். ஆயினும் கொக்கும் நாரையும் கௌதாரியும் கள்ளத்தனமாகக் கைமாறுவதும், அவற்றை மருந்தென்று சொல்லி வாங்குவோர் இருப்பதும் நாமறிந்ததே. பண்ணைக் காடையைப் பற்றி நாம் பேசவில்லை. அதனை அறுத்து உண்பதில் தடையில்லை. உண்டிவில்லின் கல்லாலோ காற்றுத் துப்பாக்கியின் குண்டாலோ வீழ்த்தப்பட்டு, கத்தி படுமுன்னே செத்த பறவையைப் பற்றியே பேசுகிறோம். துப்பாக்கித் தோட்டாவைக் குறித்துப் பிற்கால அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கல்லைக் குறித்து எவ்வையமும் இல்லை. விற்பவன் அறுத்ததாகச் சொல்வான். உயிர் இருந்தபோதா, போனபின்பா என்பதை வாங்குபவர் எவ்வாறு அறிவார்? பேணுதலுள்ள குடும்பத்தின் சட்டிக்குள் ஐயமும் குற்றமும் ஒன்றாய்ப் புகலாமா?

பிள்ளைகளின் கையில் உண்டிவில்லைக் கண்டால் சிரித்துவிட்டுப் போகிறோம். சிறு கல்லைச் சுண்டியெறிவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையும் ஆகாது, பகைவனையும் வீழ்த்தாது. கண்ணைக் குருடாக்கும், பல்லை உடைக்கும் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அம்புகளோடு பள்ளிவாசலுக்குள் நடந்த ஒருவரை நோக்கி, அவற்றின் நுனிகளைப் பிடித்துக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். கூர்மை வேண்டும் இடத்தில் கூர்மை. மற்ற இடத்தில் அதனைக் கையால் மூடிக்கொள்ளும் பொறுப்பு. வேட்டைப் பாடத்தை நாம் விடாது ஓதிக்கொடுப்பது இதற்காகவே.