தண்ணீர் வருமுன் கரையைப் பாருங்கள்

ஆரல்வாய்மொழிக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கிறது பொய்கை அணை. செய்தித்தாளின் நீர்மட்டப் பட்டியலில் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, பொய்கைக்கு 42.65 அடி என்று முழு அளவைப் போடுவார்கள். பட்டியலில் சேர்ந்து நின்றாலும் பொய்கையின் இனம் வேறு. பேச்சிப்பாறை கல் கட்டு. பொய்கை மண் அணை. பேச்சிப்பாறைக்குக் கோதையாறு இருக்கிறது. பொய்கையோ மலை ஓடைகளையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பி நிற்கிறது. நிறையாமலே போகிற வருடங்கள் அதற்கு உண்டு.

பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோவாளை வட்டாரத்துக் குளக்கரைகளில் நடப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. மண் கரையின் கேடு தண்ணீர் நிறையும்போது வெளியே தெரியும். உண்டாவது என்னவோ கரை வறண்டு கிடக்கும் மாதங்களில்தான்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கரையின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். களிமண் வெடிக்கும். மேலே விரல் நுழையும் அளவுதான் தெரியும். கம்பியை விட்டுப் பார்த்தால் முழங்கை ஆழம் இறங்கும். எலியும் பெருச்சாளியும் வளை பறிக்கும். உடைமரம் சரிவில் வேர் பிடிக்கும். மரத்தை அடியோடு வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே விட்ட வேர் மக்கிப்போனால், தண்ணீருக்கு ஒரு குழாய் தயார். பெரிதாகுமுன் பிடுங்க வேண்டும். பெரிதாகிவிட்டால் வேரைத் தோண்டி எடுத்து, ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். அள்ளிக் கொட்டி மூடுவது அடைப்பு ஆகாது.

வருடக்கணக்கில் காய்ந்த கரைக்கு ஒரே இரவு மழையில் பாதி உயரம் தண்ணீர் வந்து நிற்கும்போதுதான் சோதனை. அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. 300 அடி உயரமான மண் அணை; முதல் முறையாகத் தண்ணீர் நிறைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கலங்கல் கசிவு கண்டார்கள்; நண்பகலுக்குள் அணை போய்விட்டது. நெடுநாள் வறண்ட கரைக்கு வரும் புதுத் தண்ணீரையும் அதே பயத்தோடுதான் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் இரவும் பகலும் ஆள் நிற்க வேண்டும்.

எங்கே நிற்பது? வண்டி போகிற கரைமேலே நின்று தண்ணீரைப் பார்ப்பது வேடிக்கை. வெளிச்சரிவின் அடியில் நடந்தால்தான் அணை பேசும். காய்ந்த புல்லுக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் பச்சை, கால் வைத்தால் அமுங்கும் மண், மடையைச் சுற்றி ஈரம்: இவற்றைத் தேட வேண்டும். மடையின் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடம் எப்போதுமே பலவீனம். அங்கே மண்ணைக் கெட்டிக்க இடம் போதாது.

கசிவில்லாத மண் அணை கிடையாது. கசிகிற தண்ணீரின் நிறமே விஷயம். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் குறித்து வைத்துக் கவனிக்கலாம். அடியில் வண்டல் படிந்தால் கரையின் வயிறு கரைகிறது. உடனே மேலிடத்துக்குச் சொல்லி, கீழே குடியிருப்பவர்களையும் எழுப்ப வேண்டும்.

அப்போது களிமண்ணைக் கொண்டுவந்து வெளிவாயை அடைக்கக் கூடாது. அடைத்த தண்ணீர் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஊற்றின் மேல் முதலில் பருமணல், பிறகு சிறு ஜல்லி, பிறகு பெரிய ஜல்லி என்று போட வேண்டும். தண்ணீர் வெளியே போகட்டும், மண் போகக் கூடாது.

இன்னொரு கேடு நாமே தேடிக்கொள்வது: உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகாலை அடைப்பது. "அண்ணாச்சி, மறுகால்ல ரெண்டு வரி மூட்ட அடுக்குனா கும்பப்பூ தப்பிச்சிரும்லா?" என்று விவசாயிகள் கேட்பார்கள். கும்பப்பூப் பயிர் வாடுகிறவனின் தவிப்பு எனக்குப் புரியும். ஆனாலும் சம்மதிக்க முடியாது. கல் அணை மேல் தண்ணீர் வழிந்தால் தாங்கக்கூடும். மண் கரை தாங்காது. தண்ணீர் கரையின் தாழ்ந்த இடத்தைத் தானே கண்டுபிடித்து அறுத்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது; நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் உடைந்தன. அப்படி ஒரு மழை கணவாய்க்கு இந்தப் பக்கம் பெய்யாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மறுகாலும் அதன் ஓடையும் முழு அகலத்துக்குத் திறந்து கிடக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவாரே என்ற சிறு மண் அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து, ஏறத்தாழ இருபது பேர் இறந்தார்கள். கசிவைப் பற்றி ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு ஓர் அமைச்சர் நண்டுகள்மீது பழி போட்டார். நண்டு வளை பறிக்கும்தான். அதைப் பார்த்து அடைக்கத்தானே ஆட்களை வைத்திருக்கிறோம்?

2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் மழைக்கு முன்னும் பின்னும் அணைகளை ஆய்வு செய்யச் சொல்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் குறிப்பிட்ட சிலவற்றுக்கும்தான். நம் ஊர்க் குளங்களின் கரைகள் அந்தக் கணக்கில் வராது. அவற்றுக்கும் அதே ஆய்வு வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஒவ்வொரு புரட்டாசியிலும் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு கரையடியில் நடங்கள். கண்டதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.