வாலைப் பார்த்து ஆளைச் சொல்

சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில் லாரிகளின் இரைச்சல் ஓய்வதே இல்லை. ஒரு பக்கம் தாராவி. மித்தி ஆற்றுக்கு அக்கரையில் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே 37 ஏக்கரில் ஒரு காடு: மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. குளிர்காலக் காலையில் உள்ளே போய்க் காது கொடுத்தால், தையல் மெஷின் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்ட மாதிரி 'டிர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கலாம். செம்மார்பு ஈப்பிடிப்பான் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சிட்டுக்குருவியைவிடச் சிறியது, எடை சுமார் 10 கிராம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரையுள்ள காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் இந்தியாவுக்கு வருகிறது. ஏப்ரல் வாக்கில் கிளம்பிவிடும்.

பெயரை நம்பிச் சிவப்பைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். பெண்ணுக்கு அது கிடையவே கிடையாது. ஆணுக்கும் முதல் குளிர்காலத்தில் இருக்காது. எனவே கண்ணில் படுவதில் பல வெறும் பழுப்புக் குருவிகள்தான். பார்க்க வேண்டியது வாலை. கருத்த வாலின் அடிப்பகுதியில் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு. கிளையில் உட்கார்ந்ததும் இறக்கையைத் தளரவிட்டு வாலை வெடுக்கென்று தூக்கும், வெள்ளை பளிச்சிடும்.

இதிலும் ஒரு சிக்கல். சைபீரியப் பக்கத்து டைகா ஈப்பிடிப்பானுக்கும் இதே வால். முன்பு இரண்டையும் ஒரே இனமாகவே கருதினார்கள். டைகாவுக்கு அலகு முழுக்கக் கறுப்பு. செம்மார்புக்கு அலகின் அடிப்பாகம் வெளிறியிருக்கும். அது பெரும்பாலும் கிழக்கு இந்தியாவோடு நின்றுவிடுவதால் மும்பையில் குழப்பம் குறைவு.

தனிமை விரும்பி. நிழலான தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பூச்சியைக் கண்டதும் பாய்ந்து கவ்வும். தரைக்கும் இறங்கும். மாட்டுங்கா, செம்பூர் போன்ற இடங்களிலும் பழைய மரங்கள் அடர்ந்த தோட்டம் இருந்தால் போதும், வரும். மரமும் பூச்சியும்தான் கணக்கு.

அந்த மரங்கள் தாராவிக்குத் தானாக வந்துவிடவில்லை. 1970களில் இது மாநகரத்தின் குப்பைமேடு. குப்பை கொட்டுவது நின்ற பிறகு, அதன் மேல் மண்ணைப் பரப்பிக் கன்று நட்டார்கள். 1983இல் நடவைத் தொடங்கிவைத்தவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1994இல் பூங்கா திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் இந்த நிலத்தையும் விழுங்கிவிடுமோ என்ற கவலை பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. பூங்கா திட்டத்தில் சேராது என்று 2025இல் அங்கே உறுதி சொல்லப்பட்டது.