படம் வரலை: கேபிள் பற்றிச் சில குறிப்புகள்

மழை பெய்யும்போது யாரும் கேபிள் ஆபரேட்டரைக் கூப்பிடுவதில்லை. மழை விட்டு, விடிந்து, வெயிலும் வந்த பிறகு, எதிர்வீட்டில் படம் ஓடி நம் வீட்டில் ஓடாதபோதுதான் கைபேசியை எடுக்கிறோம். "அண்ணே, எங்க லைன் மட்டும் ஏன் வரலை?" பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். தெருமுனையில் மாட்டியிருக்கும் நோட் என்ற பெட்டி வரைக்கும் ஃபைபர் வருகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வருவது கறுப்பு ஒயர். மாடிச் சுவரிலும் சன்ஷேடிலும் மூடியில்லாமல் தொங்கும் கனெக்டருக்குள் நீர் புகுந்து பச்சை பூத்தால் சிக்னல் அங்கேயே செத்துவிடும். ஒயரை ஒரு சாண் வெட்டிவிட்டு புதுக் கனெக்டர் போட்டால் படம் வந்துவிடும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்காக நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வருத்தம்.

*

நம் வீட்டில் கரண்ட் இருக்கும், டிவியில் "நோ சிக்னல்" என்று வரும். ஆபரேட்டர் "அந்தப் பக்கம் கரண்ட் இல்லீங்க" என்பார். சாக்கு சொல்கிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையாகவே இருக்கலாம். நோட்டும் ஆம்ப்ளிஃபையரும் கரண்டில் ஓடுபவை. அவை மாட்டியிருக்கும் தெருவில் மின்சாரம் போய், பேட்டரியும் இறங்கிவிட்டால், வேறு மின்பாதையில் இருக்கும் நமக்கும் படம் போய்விடும். நல்ல ஆபரேட்டரை அடையாளம் காண ஒரு வழி: நோட்டுக்கு வைத்திருக்கும் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்கிறவர் தொழிலைக் கவனமாகச் செய்கிறவர்.

*

பழைய அனலாக் காலத்தில் பழுது முன்கூட்டியே தெரிந்தது. படம் புள்ளி புள்ளியாகும், பேய் உருவம்போல் இரட்டையாகத் தெரியும், குரல் மட்டும் கேட்கும். அந்த நிலையிலும் நாடகத்தைப் பார்த்து முடித்துவிடலாம். டிஜிட்டலில் சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்வரை படம் பளிச்சென்றே இருக்கிறது. இறங்கிய கணத்தில் கட்டம் கட்டமாக உறைந்து மறைகிறது. அதனால் இணைப்பு மெல்லமெல்லக் கெட்டுக்கொண்டு வருவது வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மீட்டரோடு வந்து சும்மா ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் எங்கும் இல்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டாவது டிவிக்காக நாமே ஸ்ப்ளிட்டர் போட்டுக்கொள்வதும் சிக்னல் குறைய ஒரு காரணம். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவாகவே போகும்.

*

மார்ச் மாதத்திலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கிலும் பகல் வேளையில் சில சானல்கள் சில நிமிடம் தடுமாறும். நாலைந்து நாள் ஏறக்குறைய அதே நேரத்துக்கு நடக்கும், பிறகு தானே சரியாகிவிடும். அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. கண்ட்ரோல் ரூமில் இருக்கும் டிஷ்ஷுக்குச் சூரியனின் இரைச்சலில் கோளின் சிக்னல் கேட்பதில்லை. உங்கள் ஒயரிலும் பழுதில்லை, ஆபரேட்டர் மேலும் தப்பில்லை.

*

கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறி நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கேபிள் ஒயருக்கென்று தனிக் கம்பம் கிடையாது. ஈபி போஸ்ட்டிலும் தென்னையிலும் மாடிக் கம்பியிலும் கட்டித்தான் ஊருக்குள் கொண்டுபோகிறார்கள். போஸ்ட் விழுந்தால் அதுவும் விழும். தென்னை விழுந்தால் அதன் மேல் விழும். போஸ்ட் நட வேண்டும், மின்கம்பி இழுக்க வேண்டும், கரண்ட் வர வேண்டும், அதற்கப்புறம்தான் கேபிளுக்கு முறை. பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கரண்ட் வந்த பிறகும் படம் வர நாளாயிற்று. நிவாரணம் எங்கே தருகிறார்கள், அடுத்த மழை எப்போது என்று தெரிந்துகொள்ள மக்களுக்கு அப்போதுதான் செய்தி அதிகம் தேவைப்பட்டது.

நான் பார்த்த ஓர் ஆபரேட்டர், அறுந்த ஒயரைச் சுருட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு, எதைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று அடி அடியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்த மாதப் பணம் கேட்டு அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கேட்டதற்கு, "படமே காட்டலையே தம்பி, எந்த முகத்தோட கேக்குறது?" என்றார். அவருடைய நஷ்டத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை. சேவை என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது அந்த ஒரு பதில்தான்.

*

முன்பு பணம் பாக்கி இருந்தால் ஆபரேட்டர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். "அடுத்த மாசம் சேத்துத் தாங்கம்மா." இப்போது அவராலும் அப்படிச் சொல்ல முடிவதில்லை. அவர் முன்பணம் கட்டித்தான் மேலே இருக்கும் நிறுவனத்திடம் ஒவ்வொரு பெட்டிக்கும் ரீசார்ஜ் வாங்குகிறார். தேதி முடிந்தால் பெட்டி தானாக நின்றுவிடுகிறது. கட்டிய பணம் கணினியில் ஏறத் தாமதமானாலும் நின்றுவிடுகிறது. நாம் சண்டை போடுவது வீடு தேடி வருகிற ஆபரேட்டரிடம். இணைப்பை நிறுத்துவதும் திரும்பத் தருவதும் எங்கோ இருக்கும் அலுவலகம். அந்த அலுவலகத்தின் பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. டிஜிட்டலுக்கு மாறியதில் வாடிக்கையாளர் இழந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்: கேட்டால் செய்துதரக்கூடிய ஆள்.

*

விதி இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் சேவைத் தரத்துக்கென்றே விதிமுறைகள் வெளியிட்டது. புகாருக்கு எட்டு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். படமே வரவில்லை என்ற புகார்களில் பத்தில் ஒன்பதையாவது 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். கட்டணமில்லா எண் இருக்க வேண்டும், புகாருக்குப் பதிவு எண் தர வேண்டும். இணைப்பு கொடுக்கும்போது விண்ணப்பப் படிவத்தின் நகல் தர வேண்டும். வாங்கும் பணத்துக்கு ரசீது தர வேண்டும். தொழில்நுட்பக் கோளாறால் 72 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து சேவை நின்றுபோனால் அந்த நாட்களுக்குரிய கட்டணத்தை வாங்கக் கூடாது.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் கேபிளுக்கு ரசீது வாங்கியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பதிவு எண் என்று ஒன்று உண்டு என்பதும் யாருக்கும் தெரியாது. ஆபரேட்டரின் கைபேசிக்குத்தான் எல்லாப் புகாரும் போகிறது. அந்த அழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏறாத புகாருக்கு 24 மணி நேரம் எங்கிருந்து தொடங்கும்?

*

ஒரு கணக்கு. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019-இல் டிராயின் புதிய கட்டண முறையில் அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சானல்கள் அதற்கு மேல். 2024-இல் அந்த உச்சவரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. அடிப்படைக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய். நான்கு நாள் படம் இல்லையென்றால் இருபது ரூபாய். இருபது ரூபாய்க்காக யார் சண்டைக்குப் போவார்கள்? ஒரு நோட்டில் முந்நூறு வீடு இருந்தால் அது ஆறாயிரம் ரூபாய். வீட்டுக்கு வீடு சிறிய தொகையாக இருப்பதால்தான் இந்தக் குறை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

*

ஒயரும் பெட்டியும் நன்றாக இருந்தும் படம் போவது உண்டு. 2022 நவம்பரில் மென்பொருள் சிக்கலால் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பெட்டிகள் செயலிழந்தன. 2023 பிப்ரவரியில் புதிய விலைக்குக் கையெழுத்திடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி ஆகியவை சிக்னலை நிறுத்தின. நாட்டின் பல பகுதிகளில் கோடிக்கணக்கான வீடுகளில் அந்தச் சானல்கள் சில நாட்கள் தெரியவில்லை. வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது, பேச்சுவார்த்தை நகரங்களில் நடந்தது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நிறுவனங்கள் தங்களுக்குள் விலை பேசி முடிக்கும்வரை பார்வையாளரைப் பிணையாகப் பிடித்துவைப்பது தவறு. பேச்சு முடியும்வரை சிக்னல் தொடர வேண்டும் என்று விதியிலேயே இருக்க வேண்டும்.

*

கையில் நல்ல போன் உள்ளவர் நாடகத்தைப் போனில் பார்த்துக்கொள்வார். அப்படிப் பார்க்க முடியாதவர்கள் மூட்டு வலியோடு வீட்டிலேயே இருக்கும் பெரியவர்கள். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். காலையில் கோயில் நேரலை, மதியம் பழைய படம், ராத்திரி செய்தி. படம் நின்றால் பெட்டியின் ஒயரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பிள்ளை வெளியூரில். ஆபரேட்டர் எண் பிள்ளையின் போனில்தான் இருக்கிறது. கேபிள் தடைபடுவதைப் பொழுதுபோக்குத் தடை என்று எழுதுகிறவர்கள் ஆச்சியின் ஒரு பகலை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

*

இதைப் படிப்பவர்கள் இன்று ஒரு வேலை செய்யுங்கள். செட்டாப் பாக்ஸைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் மேல் நிறுவனத்தின் பெயரையும் கட்டணமில்லா எண்ணையும் பெரிய எழுத்தில் நாட்காட்டியில் எழுதி மாட்டுங்கள். பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர் வீட்டிலும் எழுதிக்கொடுங்கள். படம் நின்றால் ஆபரேட்டருக்குச் சொல்லுங்கள், கூடவே கட்டணமில்லா எண்ணிலும் புகார் பதிந்து பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் ரசீது கேளுங்கள். டிராய் தனிநபர் புகாரைத் தீர்த்துவைப்பதில்லை. நிறுவனம் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.