மகசூலுக்கும் தாசில்தாருக்கும் ஒரே வேர்! குத்துக்கல்வலசையிலிருந்து ஓர் அரபிப் பயணம்

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால், தென்காசியைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கும் சாரலில் பங்கு உண்டு. தென்காசி - மதுரை சாலையில் நகரத்தை ஒட்டியே இருக்கும் குத்துக்கல்வலசையும் அப்படித்தான். குத்துக்கல் என்றால் நட்டு நிறுத்திய கல். வலசை என்றால் இடம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கிய குடியிருப்பு. அருவிக்கு விரையும் வேன்கள் இந்த ஊரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதே சாலையில் வடக்கே போனால் கடையநல்லூர், புளியங்குடி. கடையம் பக்கம் திரும்பினால், கோயில் மண்டபம் போலவே கட்டப்பட்ட பொட்டல்புதூர் தர்கா. இந்த வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளைகள் சின்ன வயதிலேயே மதரஸாவுக்கு ஓதப் போகிறார்கள். குர்ஆனைப் பிழையில்லாமல் வாசிக்கிறார்கள். பொருள் கேட்டால் பலருக்கும் தெரியாது. அதே வீட்டில் சவுதிக்கோ துபாய்க்கோ போய்வந்த வாப்பாவுக்கு அரபி பேச வரும். கடைப் பலகையை வாசிக்கச் சொன்னால் விழிப்பார். ஒருவருக்கு எழுத்து, இன்னொருவருக்குப் பேச்சு. இரண்டையும் ஒன்றாக உட்கார வைக்கிற இடம், கல்லூரியின் அரபி வகுப்பு.

அதற்கு இங்கிருந்து பஸ் ஏறினால் பாளையங்கோட்டை. அங்கே 1971-ல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி இருக்கிறது. காயல்பட்டினத்தில் பிறந்து, அரபியில் கவி பாடிய 17-ம் நூற்றாண்டு அறிஞரின் பெயர் அது. இன்னும் தூரம் போக மனமிருந்தால் திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னை புதுக்கல்லூரி. இரண்டுமே 1951-ல் பிறந்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபி, பாரசீகம், உருதுத் துறை 1927-லிருந்தே இருக்கிறது. ஆலிம் ஆக விரும்புகிறவர்களுக்குப் பாதை வேறு. வேலூர் பாக்கியாத் போன்ற அரபிக் கல்லூரிகளில் தங்கி வருடக்கணக்கில் படிக்க வேண்டும். அங்கே பட்டம் வாங்கினால் பெயருக்குப் பின்னால் ‘பாகவி’ ஒட்டிக்கொள்ளும்.

ஆரம்ப வகுப்பு என்றால் 28 எழுத்துகள், வலமிருந்து இடம். எழுதுவதைவிட உச்சரிப்புதான் பாடாய்ப் படுத்தும். நமக்கு ‘ழ’ எப்படியோ, அரபிகளுக்கு ‘ளாத்’ என்ற எழுத்து அப்படி. தங்கள் மொழியையே ‘ளாத் மொழி’ என்று பெருமையாகச் சொல்வார்கள். ரமளான், ரமலான், ரம்ஜான் என்று நாம் ஒரே மாதத்தை மூன்று விதமாக எழுதுவதற்கும் இந்த ஓர் எழுத்துதான் காரணம்.

அடுத்து வருவது ஸர்ஃப். மாணவர்கள் மிரள்வதும், பிறகு மயங்குவதும் இங்கேதான். பெரும்பாலான சொற்களுக்கு மூன்றெழுத்து வேர் இருக்கும். க-த-ப என்றால் எழுதுவது. அதிலிருந்து கிதாப் புத்தகம், காதிப் எழுதுகிறவர், மக்தூப் எழுதப்பட்டது. ஒரு வேர் பிடிபட்டால் ஒரு குடும்பமே வாசலில் வந்து நிற்கும்.

இதைப் படித்துவிட்டு தென்காசி தாலுகா ஆபீஸ் பக்கம் போனால் காதில் விழுவதெல்லாம் புதிதாகக் கேட்கும். தாலுகா, வசூல், பாக்கி, ரத்து, ஜப்தி, ஆஜர், வக்கீல், மாமூல்... எல்லாம் அரபியிலிருந்து கிளம்பி, பாரசீகம், உருது வழியாக நம் ஊருக்கு வந்து குடியேறியவை. ஒருவகையில் வலசைச் சொற்கள்! வயலில் எடுக்கும் மகசூலும், வரி கேட்கும் தாசில்தாரும் ஹ-ஸ-ல என்ற ஒரே வேரில் முளைத்தவர்கள். சேர்த்தெடுப்பது என்பதுதான் பொருள். விவசாயி சேர்க்கிறார், தாசில்தாரும் சேர்க்கிறார்.

மூன்றாவது நஹ்வு, வாக்கிய இலக்கணம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சலுகை. எட்டு வேற்றுமைகளைப் பார்த்தவர்களுக்கு அரபியின் மூன்று பெரிய விஷயமில்லை. ஆனால் ஒருமை, பன்மைக்கு நடுவில் ‘இருமை’ என்று ஒன்று வந்து கணக்கைக் குழப்பும்.

உயர்நிலைக்கு வந்துவிட்டோமா என்பதைச் சொல்ல ஓர் எளிய சோதனை இருக்கிறது. பாடப் புத்தகத்தில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் உயிர்க்குறிகள் இருக்கும். செய்தித்தாளில் இருக்காது. இலக்கணம் தெரிந்தால்தான் சரியாக வாசிக்கவே முடியும். அங்கே தடுமாறாதவருக்கு மொழிபெயர்ப்பு, வளைகுடா அலுவலகங்கள், அரபு நாட்டு நோயாளிகள் வரும் சென்னை மருத்துவமனைகள் என வேலைகள் உண்டு. பேச்சு அரபி மட்டும் தெரிந்த வாப்பாவுக்கு எட்டாத நாற்காலிகள் அவை. பஸ் கட்டணமும் ஹாஸ்டல் செலவும் பார்க்காமல் பிள்ளையை அனுப்பும் வீடுகளின் கணக்கு இதுதான்.

வேலைக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் எழுத்துகளைச் சேர்த்து, தமிழையே அரபி எழுத்தில் எழுதிய ‘அர்வி’ என்ற அரபுத்தமிழ். காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் முன்பு பெண்கள் சரளமாக வாசித்தது. இன்று அந்தப் பழைய கிதாபுகள் பீரோவுக்குள் துணி சுற்றிக் கிடக்கின்றன. அரபி மட்டும் தெரிந்தவருக்கு அது புரியாது; தமிழ் மட்டும் தெரிந்தவரால் வாசிக்க முடியாது. முதலாண்டு முடித்த பேத்தி விடுமுறைக்கு வந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து எழுத்துக் கூட்டினால் போதும். வாய் வாசிப்பது அரபி எழுத்து. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் காதில் விழுவது தமிழ்.